சிவப்பு மையால் அடித்த ஒரு வரி

ஆறு ஆண்டுகளுக்கு முன், அரையாண்டுத் தேர்வு விடைத்தாள் கட்டு ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தபோது, பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதிய ஒரு வரியைச் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டேன். 'ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததற்கான காரணங்களை விவரி' என்பது வினா. விடைக்குறிப்பில் ஐந்து காரணங்கள் இருந்தன: முதல் உலகப் போரில் தோற்றபின் ஏற்க நேர்ந்த வெர்செயில்ஸ் உடன்படிக்கை தந்த அவமானம், பணவீக்கம், பொருளாதாரப் பெருமந்தம், கம்யூனிசத்தைப் பற்றிய அச்சம், ஹிட்லரின் பேச்சாற்றல். காரணத்துக்கு ஒரு மதிப்பெண். அந்த மாணவி மூன்று காரணங்களை எழுதிவிட்டு, நான்காவதாக, "ஹிட்லரின் கட்சிக்கு ஓட்டுக் குறைந்த பிறகுதான் அவரைக் கூப்பிட்டுப் பதவி கொடுத்தார்கள்" என்று எழுதியிருந்தாள். விடைத்தாள் கொடுத்த அன்று மதிய இடைவேளையில் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். "சார், அது நிஜம் சார், ஒரு பழைய புத்தகத்துல படிச்சேன்" என்றாள். "பாடப் புத்தகத்துல இருக்கறத மட்டும் எழுதும்மா, மார்க் போகாது" என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். வாதாடியிருந்தால்கூட எனக்கு அத்தனை உறுத்தியிருக்காது.

இருபது ஆண்டுகளாக வரலாறு நடத்துகிறவன் நான். அந்த ஐந்து காரணங்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை மாறாமல் சொல்வேன். ஆனால் அவற்றை ஆண்டுகளோடு பொருத்திப் பார்த்ததில்லை. அன்றிரவு முதன்முறையாக ஒரு தாளில் ஆண்டுகளை ஒரு பக்கமும் நாஜிக் கட்சி பெற்ற வாக்குகளை மறுபக்கமும் எழுதிப் பார்த்தேன். வெர்செயில்ஸ் உடன்படிக்கை கையெழுத்தானது 1919இல். ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் என்ற நிலைக்கு ஜெர்மன் பணம் சரிந்தது 1923 நவம்பரில். அதே நவம்பரில் மியூனிக்கில் ஹிட்லர் நடத்திய ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி ஒரே இரவில் பிசுபிசுத்துப்போய், அவர் சிறைக்குப் போனார். அதன் பிறகு பணம் நிலைப்பட்டது; கடன் கிடைத்தது; 1928 மே மாதத் தேர்தலில் நாஜிக் கட்சி வாங்கியது 2.6 சதவீதம், 12 இடங்கள். அவமானம் ஒன்பது வயதாகி, பணவீக்கம் ஐந்து வயதாகி, இரண்டும் சேர்ந்து கொடுத்த விளைச்சல் இவ்வளவுதான்.

அப்படியானால் பெருமந்தமா? 1929 செப்டம்பரில் ஏறத்தாழ 13 லட்சமாக இருந்த வேலையற்றோர் எண்ணிக்கை 1932இன் தொடக்கத்தில் 60 லட்சத்தைத் தாண்டியது. நாஜிக் கட்சியும் 1930 செப்டம்பரில் 107 இடங்களுக்கும், 1932 ஜூலையில் 37.3 சதவீத வாக்குகளோடு 230 இடங்களுக்கும் உயர்ந்தது. இந்தத் தொடர்பை மறுக்க முடியாது, நானும் மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்காவிலும் நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை; அங்கே ரூஸ்வெல்ட் வந்தார். இத்தாலி போரில் வென்ற அணியில் இருந்த நாடு. பெருமந்தத்துக்கு ஏழாண்டுகள் முன்னதாகவே அங்கே முசோலினி வந்துவிட்டார். இன்னொரு சங்கடமும் இருக்கிறது. வேலை இழந்த தொழிலாளர்களில் பெருவாரியானோர் கம்யூனிஸ்டுகள் பக்கம் போனார்கள். நாஜிகளுக்குத் திரண்டவர்கள், வேலை போய்விடுமோ, கடை மூழ்கிவிடுமோ, நிலம் ஏலத்துக்கு வந்துவிடுமோ என்று அஞ்சிய சிறுநகர வணிகர்கள், அரசு ஊழியர்கள், வடக்கிலும் கிழக்கிலும் இருந்த புராட்டஸ்டன்ட் விவசாயிகள் ஆகியோரே. பசித்தவனைவிடப் பசிக்குப் பயந்தவன் அதிகமாக அந்தப் பக்கம் போனான் என்பதை ஒரு மதிப்பெண் விடைக்குள் அடக்குவது கடினம்.

பூட்டப்பட்ட நாடாளுமன்றம்

தாளில் ஆண்டுகளை நிரப்பிக்கொண்டே போனபோது, வாக்குகளின் வரிசைக்குப் பக்கத்தில் இன்னொரு வரிசையையும் எழுத வேண்டியிருந்தது. 1930 மார்ச்சில் சமூக ஜனநாயகக் கட்சியின் ஹெர்மன் முல்லர் தலைமையிலான கூட்டணி அரசு உடைந்தது. வேலையற்றோர் காப்பீட்டுக்கான சந்தாவைச் சிறிதளவு உயர்த்துவதா, உதவித் தொகையைக் குறைப்பதா என்ற சச்சரவில் முதலாளிகள் தரப்புக் கட்சியும் தொழிற்சங்கத் தரப்பும் இறங்கிவர மறுத்தன. பெரும்பான்மை கொண்ட கடைசிக் குடியரசு அரசு அதுதான் என்று அப்போது யாருக்கும் தெரியாது. அதற்குப் பின் சான்சலராக, அதாவது அரசின் தலைவராக, வந்த புரூனிங்குக்குப் பெரும்பான்மை கிடையாது. அவர் அரசியலமைப்பின் 48ஆவது பிரிவைப் பிடித்துக்கொண்டார். ஆபத்துக் காலத்தில் குடியரசுத் தலைவர் அவசரச் சட்டம் பிறப்பிக்கலாம் என்ற அந்தப் பிரிவு, வீட்டில் வாளியில் மணல் நிரப்பி வைப்பதுபோல, தீப்பிடித்தால் பயன்படுத்த வைக்கப்பட்டது. 1930இல் நாடாளுமன்றம் 98 சட்டங்களை நிறைவேற்றியது. அவசரச் சட்டங்கள் 5. அடுத்த ஆண்டு 34க்கு 44. 1932இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியவை வெறும் 5 சட்டங்கள். குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் கையெழுத்திட்ட அவசரச் சட்டங்கள் 66.

இந்த எண்களைப் பார்த்தபோதுதான் எனக்கு முதலில் தூக்கிவாரிப்போட்டது. ஹிட்லர் வந்து ஜனநாயகத்தைக் கொன்றார் என்று வகுப்பில் அத்தனை முறை சொல்லியிருக்கிறேன். அவர் வருவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பிருந்தே அது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. மூக்கைப் பிடித்திருந்த கைகள் நாஜிக் கைகள் அல்ல. கண்ணியமான, படித்த, பட்டம் பெற்ற கைகள். நாடாளுமன்றம் இல்லாமல் ஆளும் பழக்கத்தை அரசு அதிகாரிகளுக்கும் நீதிபதிகளுக்கும் பத்திரிகைகளுக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக மக்களுக்கும் அவர்களே பழக்கிக் கொடுத்தார்கள். 1932 ஜூலை 20 அன்று, புரூனிங்குக்கு அடுத்துச் சான்சலரான, பிரபு குலத்தவரான பாப்பன் இதே 48ஆவது பிரிவைக் கொண்டு, நாட்டு மக்களில் ஐந்தில் மூன்று பங்கினர் வாழ்ந்த பிரஷ்ய மாநிலத்தின் அரசையே கலைத்தார். சமூக ஜனநாயகக் கட்சியின் கையில் மிஞ்சியிருந்த கோட்டை அது. அந்த மாநிலத்தின் காவல்துறையும் அவர்களிடம்தான் இருந்தது. வேலைநிறுத்தம்கூட நடக்கவில்லை. கட்சி நீதிமன்றத்துக்குப் போனது. அறுபது லட்சம் பேர் வேலைக்குக் காத்து நிற்கும்போது வேலைநிறுத்தத்துக்கு யாரை அழைப்பது என்று அவர்கள் யோசித்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் எதிர்த்து நிற்க ஆளில்லை என்பதை அன்று எல்லோரும் கவனித்துக்கொண்டார்கள்.

இடதுசாரிகளின் சண்டையையும் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். 1932 நவம்பரில் சமூக ஜனநாயகக் கட்சிக்கு 121 இடங்கள், கம்யூனிஸ்டுகளுக்கு 100. சேர்ந்தால் நாஜிகளின் 196ஐவிட அதிகம். ஆனால் மாஸ்கோவின் வழிகாட்டுதலில் கம்யூனிஸ்டுகள் சமூக ஜனநாயகவாதிகளைச் 'சமூக பாசிஸ்டுகள்' என்று பெயரிட்டு முதல் எதிரியாக வைத்திருந்தார்கள். 1919இல் சமூக ஜனநாயக அரசு எழுச்சியை ஒடுக்கியபோது சிந்திய ரத்தத்தையும் அவர்கள் மறக்கவில்லை. அந்த நவம்பர் தேர்தலுக்குச் சில நாள்கள் முன் பெர்லின் போக்குவரத்து வேலைநிறுத்தத்தில் கம்யூனிஸ்டுகளும் நாஜிகளும் ஒரே பக்கம் நின்றார்கள். இதைப் பற்றி மேலும் எழுதினால் கட்டுரை வேறெங்கோ போய்விடும்.

நவம்பர் முதல் ஜனவரி வரை

என் மாணவியின் வரி இந்த மூன்று மாதத்தில்தான் இருக்கிறது. 1932 நவம்பர் 6 தேர்தலில் நாஜிக் கட்சியின் வாக்குகள் 1 கோடியே 37 லட்சத்திலிருந்து 1 கோடியே 17 லட்சமாகக் குறைந்தன. மூன்றே மாதத்தில் 20 லட்சம் வாக்குகளும் 34 இடங்களும் போயின. கட்சி கடனில் மூழ்கியிருந்தது. கட்சியின் பழுப்புச் சட்டைப் படையினர் தெருமுனைகளில் தகர உண்டியலைக் குலுக்கிக் காசு கேட்டு நின்றார்கள். டிசம்பரில் கட்சியின் அமைப்பைக் கட்டி எழுப்பிய கிரெகோர் ஸ்ட்ராஸர் தன் பொறுப்புகளை எல்லாம் துறந்து விலகினார். கட்சியின் பிரசாரத் தலைவர் கோயபல்ஸின் அந்த மாத நாட்குறிப்பில் பணமுடையும் மனச்சோர்வும்தான் நிறைந்திருக்கின்றன. ஜெர்மனி கட்ட வேண்டியிருந்த போர் இழப்பீட்டுத் தொகையை ஏறத்தாழ முழுமையாக ரத்து செய்யும் முடிவு அந்த ஜூலையிலேயே லோசான் மாநாட்டில் எடுக்கப்பட்டுவிட்டது. பொருளாதாரமும் அடிமட்டத்தைத் தொட்டு மெல்லத் திரும்பத் தொடங்கியிருந்தது. புத்தாண்டு அன்று ஃப்ராங்ஃபுர்ட்டர் ஸைட்டுங் நாளிதழ், ஜனநாயக அரசின் மீதான நாஜித் தாக்குதல் முறியடிக்கப்பட்டுவிட்டது என்ற பொருளில் எழுதியது. எழுதியவர்கள் முட்டாள்கள் அல்லர். அந்தத் தேதியில் கையிலிருந்த எண்களை வைத்துப் பார்த்தால் வேறு எப்படி எழுதுவது?

அந்த நாளிதழ் கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஒன்று இருந்தது. அது பாப்பனின் பகை. டிசம்பர் தொடக்கத்தில் ஜெனரல் ஷ்லைஷர் அவரைத் தள்ளிவிட்டு சான்சலர் ஆகியிருந்தார். பதவி பறிபோன பாப்பனுக்கு இரண்டு ஆசைகள்: ஷ்லைஷரைக் கவிழ்ப்பது, அதிகாரத்துக்குத் திரும்புவது. ஜனவரி 4 அன்று கொலோன் நகரில் ஷ்ரோடர் என்ற வங்கி அதிபரின் வீட்டில் அவரும் ஹிட்லரும் ரகசியமாகச் சந்தித்தார்கள். பதினொரு நாள் கழித்து லிப்பே என்ற குட்டி மாநிலத்தில் தேர்தல்; வாக்காளர்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். தன் பேச்சாளர் படை முழுவதையும் கட்சி அந்த ஒரு மாவட்டம் போன்ற நிலத்தில் இறக்கி 39.5 சதவீதம் வாங்கியது. ஜூலையில் அங்கே பெற்ற வாக்குகளைவிடக் குறைவுதான், ஆனாலும் அலை திரும்பிவிட்டது என்று கட்சியின் பத்திரிகைகள் முழங்கின. ஜனவரி 22 இரவு, பெர்லினின் டாலெம் பகுதியில் நாஜிக் கட்சிக்காரரான ரிப்பன்ட்ராப் வீட்டில் குடியரசுத் தலைவரின் மகன் ஆஸ்கர் ஹிண்டன்பர்க்கும் செயலர் மைஸ்னரும் ஹிட்லரைச் சந்தித்தார்கள். ஆஸ்கரிடம் ஹிட்லர் தனியறையில் நெடுநேரம் பேசினார். பேசிய இருவரைத் தவிர வேறு சாட்சி இல்லை.

எனக்கு இதில் மனத்தை விட்டு அகலாத காட்சி ஒரு தோட்டம். குடியரசுத் தலைவரின் மாளிகை பழுதுபார்ப்பில் இருந்ததால் ஹிண்டன்பர்க் அப்போது சான்சலர் அலுவலகக் கட்டடத்தில் தங்கியிருந்தார். பதவி போன பிறகும் பாப்பன் தன் அரசு வீட்டைக் காலி செய்யவில்லை; அது உள்துறை அமைச்சகக் கட்டடத்தில் இருந்தது. இரண்டுக்கும் நடுவே அமைச்சகங்களின் பின்புறத் தோட்டங்கள், தடுப்புச் சுவர்களில் சிறு கதவுகள். தெருவுக்கு வராமலே, எந்த நிருபரின் கண்ணிலும் படாமலே, பாப்பன் அந்த வழியாக நடந்துபோய் 85 வயது முதியவரைப் பார்த்துவிட்டு வரலாம். ஒரு குடியரசின் கடைசி நாள்கள் அந்தக் கொல்லைப்புற நடையில் கழிந்தன. சாமானிய வாக்காளர் யாருக்கும் அந்தக் கதவுகள் இருப்பதே தெரியாது.

ஹிண்டன்பர்க் லேசில் இசையவில்லை. 1932 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் தேர்தலில் போட்டியிட்டு 53 சதவீத வாக்குகளோடு ஹிட்லரைத் தோற்கடித்தவர் அவர்; அவருக்கு வாக்களித்தவர்களில் சமூக ஜனநாயகக் கட்சியினர் லட்சக்கணக்கில் இருந்தனர். ஆகஸ்டிலும் நவம்பரிலும் ஹிட்லர் கேட்ட அதிகாரத்தைத் தர மறுத்தவர். அவர் மனத்தை மாற்றியது பாப்பன் போட்டுக் கொடுத்த கணக்குத்தான்: ஹிட்லர் சான்சலர், தான் துணைச் சான்சலர்; அமைச்சரவையில் ஹிட்லரைத் தவிர இரண்டே இரண்டு நாஜிகள், ஃப்ரிக், கோயரிங்; மற்ற இடங்களில் எல்லாம் நம்மவர்கள். ஷ்லைஷர் ராணுவப் புரட்சிக்குத் திட்டமிடுகிறார் என்ற வதந்தியும் கடைசி நேரத்தில் காற்றில் கலந்தது. ஜனவரி 30 காலை, பதவிப் பிரமாணத்துக்கு முன் மைஸ்னரின் அறையில் கூடி நின்றபோது, புதிய தேர்தல் வேண்டும் என்று ஹிட்லர் சொல்ல, தேசியவாதக் கட்சித் தலைவர் ஹூகன்பர்க் முடியாது என்று பிடிவாதமாக நின்றார். அந்த அறையில் ஆபத்தைச் சரியாக மோந்தவர் ஒருவேளை அவர்தான். அதுவும் தன் கட்சிக்கு இடம் குறையுமே என்ற கவலையில். குடியரசுத் தலைவரை இதற்கு மேல் காக்க வைக்க முடியாது என்று மைஸ்னர் அவசரப்படுத்தினார். எல்லோரும் உள்ளே போனார்கள். நேரமாகிவிட்டது என்பதற்காக விடப்பட்ட வாதம் அது.

இரண்டே மாதத்தில் ஹிட்லரை மூலையில் ஒடுக்கிவிடுவோம் என்ற பொருளில் பாப்பன் தன்னைக் கேள்வி கேட்டவரிடம் சொன்னதாகப் பதிவு உண்டு. அவர் எண்ணிப் பார்த்தது நாற்காலிகளை. எட்டு பெரிது, மூன்று சிறிது. ஆனால் மூவரில் ஒருவரான கோயரிங்குக்குப் பிரஷ்ய உள்துறை போயிருந்தது. பாப்பன் தாமே ஜூலையில் சமூக ஜனநாயகவாதிகளிடமிருந்து பறித்து வைத்திருந்த அந்தக் காவல்துறை இப்போது கோயரிங் கையில். பிப்ரவரியில் கோயரிங் ஏறத்தாழ 50,000 பேரைத் துணைக் காவலர்களாகச் சேர்த்தார். பெரும்பாலோர் பழுப்புச் சட்டைக்காரர்களும் ஹிட்லரின் காவற்படையான எஸ்.எஸ். படையினரும்தான். நேற்றுவரை தெருவில் அடிதடி நடத்தியவன் இன்று கையில் வெள்ளைப் பட்டை கட்டிக்கொண்டு, அடி வாங்கியவனையே கைது செய்ய வந்தான். பிப்ரவரி 27 இரவு நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாளே பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை, காரணமின்றிக் கைது செய்யப்படாத உரிமை எல்லாம் நிறுத்தப்பட்டன. எந்தப் பிரிவின் கீழ் என்று சொல்ல வேண்டியதில்லை. இன்னும் ஒன்று என்று அதை எண்ணிக்கொண்டவர்கள்கூட அன்று இருந்திருக்கலாம்.

மார்ச் 5 தேர்தலில், இத்தனை கெடுபிடிக்கு நடுவிலும், நாஜிகளுக்குக் கிடைத்தது 43.9 சதவீதம். சுதந்திரமான தேர்தல் ஒன்றில் பாதிக்கு மேல் அவர்கள் ஒருபோதும் வாங்கியதில்லை. மார்ச் 23 அன்று, எரிந்த கட்டடத்துக்குப் பதிலாக க்ரோல் நாடக அரங்கில் கூடிய நாடாளுமன்றத்தில், அரசே சட்டம் இயற்றிக்கொள்ளலாம் என்ற அதிகார அளிப்புச் சட்டம் வந்தது. கம்யூனிஸ்டு உறுப்பினர்கள் சிறையிலோ தலைமறைவிலோ இருந்தார்கள். நடைவழிகளில் பழுப்புச் சட்டையினர் வரிசையாக நின்றார்கள். கத்தோலிக்க மையக் கட்சித் தலைவர் காஸ், திருச்சபையின் உரிமைகளுக்கு எழுத்துமூலமான உறுதி வரும் என்று கேட்டு வாங்கிய வாய்வார்த்தையை நம்பி ஆதரவு தந்தார். அந்தக் கடிதம் கடைசிவரை வரவில்லை. ஆதரவாக 444, எதிராக 94. அந்த 94 பேரும் சமூக ஜனநாயகவாதிகள். உயிரையும் சுதந்திரத்தையும் எங்களிடமிருந்து பறிக்கலாம், மானத்தைப் பறிக்க முடியாது என்று அவர்களின் தலைவர் ஓட்டோ வெல்ஸ் அந்த அரங்கில் ஹிட்லரின் முகத்துக்கு நேரே பேசினார். வகுப்பில் இதைப் படித்துக் காட்டும்போது எப்போதும் எனக்குக் குரல் கொஞ்சம் தடுமாறும்.

ரோமிலும் ஒரு கையெழுத்து

ஜெர்மனியர்களின் குணமே அப்படி என்று சொல்கிறவர்களுக்காக இத்தாலியை ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன். 1921 தேர்தலில் 535 இடங்களில் பாசிஸ்டுகளுக்குக் கிடைத்தவை 35. 1922 அக்டோபர் இறுதியில் முசோலினியின் கருஞ்சட்டையினர் மழையில் நனைந்தபடி ரோமை நோக்கி வந்தபோது, பிரதமர் ஃபாக்டா ராணுவச் சட்டத்துக்கான ஆணையைத் தயாரித்து மன்னரிடம் நீட்டினார். மூன்றாம் விக்டர் இமானுவேல் கையெழுத்திட மறுத்தார். படை நடத்தி வந்ததாகப் பெயரெடுத்த முசோலினி மிலானிலிருந்து இரவு ரயிலில் ஏறி, மன்னர் அழைத்த பிறகு, காலையில் ரோமில் இறங்கினார். பெர்லினில் ஒருவர் கையெழுத்துப் போட்டார், ரோமில் ஒருவர் போடவில்லை.

இப்படிச் சொல்வதால் வாக்காளர்களை விடுவிக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். யூத வெறுப்பையும் தெருவன்முறையையும் கண்ணெதிரே கண்ட பிறகும் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் அந்தச் சின்னத்துக்கு வாக்களித்தார்கள். அந்தக் கூட்டம் பின்னால் இல்லையென்றால் பாப்பனுக்கு ஹிட்லர் எதற்கு? கூட்டம் இல்லாத பிரபுவும், கொல்லைக் கதவின் சாவி இல்லாத கூட்டத் தலைவனும் ஒருவரையொருவர் தேடிக்கொண்டார்கள். கூட்டம் கரையத் தொடங்கியதும் ஹிட்லரின் விலை குறைந்தது; குறைந்த விலைக்கு வாங்கிவிடலாம் என்று பிரபு கணக்குப் போட்டார். ஜூலையில் 230 இடங்களோடு மிரட்டியவரை அவர்கள் நம்பவில்லை. ஜனவரியில் 196 இடங்களோடு, கடனோடு நின்றவரை நம்பினார்கள். தோல்விதான் அவரை அவர்கள் கண்ணுக்கு அடக்கமானவராகக் காட்டியது. என் மாணவி எழுதிய வரியின் பொருள் இதுதான். அதற்கு நான் போட்டது கேள்விக்குறி.

ஷ்லைஷரை 1934 ஜூன் 30 அன்று அவர் வீட்டிலேயே மனைவியோடு சேர்த்துச் சுட்டுக் கொன்றார்கள். ஸ்ட்ராஸரையும் அன்றே கொன்றார்கள். பாப்பனின் உதவியாளர்கள் இருவரைக் கொன்று அவரை வீட்டுக் காவலில் வைத்தார்கள். சில வாரங்களில் அதே பாப்பன் அதே ஹிட்லரின் தூதராக வியன்னாவுக்குப் போனார். நியூரம்பர்க் தீர்ப்பாயம் அவரை விடுதலை செய்தது. 1969 வரை உயிரோடு இருந்தார்.

சென்ற ஆண்டு அரையாண்டுத் தேர்வுக்கு வினாத்தாள் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. '1932 நவம்பரில் வாக்குகளை இழந்த கட்சியின் தலைவர் 1933 ஜனவரியில் சான்சலர் ஆனது எப்படி?' என்று ஒரு வினாவை எழுதிக்கொண்டுபோய்க் காட்டினேன். "பாடப்பின் வினாவுல இது இல்லையே சார், பெற்றோர் சண்டைக்கு வருவாங்க" என்றார் மூத்த ஆசிரியை. அவர் சொன்னதும் சரிதான். ஆறாண்டுகளுக்கு முன் நானே சொன்னதுதான். பழைய வினாவே அச்சுக்குப் போனது. விடைக்குறிப்பில் மட்டும், ஐந்தாவது காரணத்துக்குக் கீழே, ஆறாவதாக ஒரு வரியைப் பென்சிலால் எழுதி வைத்தேன். 83 விடைத்தாள்களில் ஒருவரும் அதை எழுதவில்லை.